பதினோராம் பக்கத்தில் இல்லாத சிறுமி

நம்மில் பாதிப் பேருக்கு இப்போது முழங்கால் வலி, மீதிப் பேருக்கு மறதி. என்னை மறுத்துப் பேச ஆள் குறைவு என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் என்னோடு தரையில் உட்கார்ந்து படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தப்பிருக்கும் இடத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்.

நம் பள்ளிக்கூடம் சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில், கருவேலங்காட்டை ஒட்டி இருந்தது. ஊரில் முக்கால்வாசி வீடுகளில் தீப்பெட்டி வேலை. எங்கள் அம்மாவும் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுவார். அப்பா மட்டும் சைக்கிள் மிதித்துச் சிவகாசிக்குப் போய், ஒரு அச்சாபீஸில் எழுத்துக் கோத்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரியாக அடுக்கி, வரிகளைப் பக்கமாகக் கட்டுகிற வேலை. அவர் விரல் நுனிகள் எத்தனை சோப்புப் போட்டாலும் சாம்பல் நிறமாகவே இருக்கும்.

ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டுவிட்டால் சிவகாசிக்குத் தூக்கமில்லை. அந்தச் சீசனில் அப்பா வீட்டுக்குக் கொண்டுவரும் கழிவுத்தாள்தான் நம் வகுப்பு நோட்டுகளுக்கெல்லாம் அட்டை. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத சாமி படங்கள். என் கணக்கு நோட்டில் பிள்ளையாருக்கு நாலு காது. உங்களில் ஒருவருக்கு இரண்டு மூக்குத்தி போட்ட லட்சுமி கிடைத்து, அதற்கு ஒரு சண்டை நடந்தது. இப்போது நினைத்தால் அந்தத் தாள்களின் மண்ணெண்ணெய் வாசம் மூக்கில் வருகிறது.

அந்த வருஷம்தான் புது டீச்சர் வந்தார். திருச்சிப் பக்கம். ஒல்லி. பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்காமலே வகுப்புக்குள் வந்துவிட்டார். "பிள்ளைங்களா, எல்லாரும் சாப்பிட்டு வந்தீங்களா?" என்று அவர் கேட்டதும் நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நம் ஊரில் 'சாப்பிட்டீகளா' என்றுதான் கேட்போம். நாம் சிரித்ததைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. கரும்பலகையில் மேலிருந்து கீழாக நடுவில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம் 'நான்', வலது பக்கம் 'நீங்கள்' என்று எழுதினார்.

"என் பேச்சுக்கும் உங்க பேச்சுக்கும் என்னென்ன வித்தியாசம்? சொல்லுங்க, எழுதுறேன்."

வந்தாங்க, வந்தாக. அங்கே, அங்கன. இவ்வளவு, இம்புட்டு. பலகை நிறைந்துவிட்டது. பிறகு அவர் கேட்டார்: "சரி, எதுவெல்லாம் ஒண்ணா இருக்கு?" நாம் விழித்தோம். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அம்மான்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்லுதோம் டீச்சர்" என்றாள். டீச்சர் அதைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

அன்றிலிருந்து நமக்குக் கோடு போடும் பைத்தியம் பிடித்தது. இரண்டு டீக்கடை வடைகளை ஒப்பிட்டோம். பழைய பெரிய சாரையும் புதுப் பெரிய சாரையும் ஒப்பிட்டோம். தலைமையாசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் வீட்டில் நான் அம்மாவையும் அத்தையையும் நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டு, அத்தை ஊரிலிருந்து வந்திருந்த நாளில் அதைத் தின்பண்டம் பரிமாறுவது மாதிரி வாசித்துக் காட்டினேன். அந்த நோட்டு அப்படியே அடுப்புக்குப் போனது.

ஒப்பிடுவதில் நமக்கு ஒழுங்கு கிடையாது. ஒரு பையன், "காந்தித் தாத்தா ஒல்லி, எங்க மாமா சாத்தூர்ல இருக்காரு" என்று எழுதியிருந்தான். டீச்சர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பக்கம் உடம்பைப் பத்திச் சொன்னா அந்தப் பக்கமும் உடம்பைப் பத்திச் சொல்லணும். ஒரு தட்டுல புளி, ஒரு தட்டுல ஊர்ப் பேரு வெச்சா தராசு என்ன பண்ணும்?" இன்னொன்றும் சொன்னார். வித்தியாசம் கண்டுபிடித்ததோடு நிறுத்தக்கூடாது, ஏன் வித்தியாசம் என்று கேட்க வேண்டும் என்று கோட்டுக்குக் கீழே 'ஏன்?' என ஒரு கட்டம் போடச் சொன்னார். அந்தக் கட்டம்தான் எல்லா வம்பையும் கொண்டுவந்தது.

ஐப்பசி பிறந்த சமயம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாக்குக்கட்டு வந்தது. பிரித்தால் எல்லாம் ஒரே புத்தகம். பச்சை அட்டை. உள்ளே ஒரு தீப்பெட்டி முதலாளியின் வாழ்க்கை வரலாறு. அவருடைய மணிவிழாவுக்கு அச்சிட்டது. அப்பா வேலை பார்த்த அச்சாபீஸும் அவருடையதுதான். பக்கங்கள் சில வெட்டுப்படாமல் ஒட்டியிருந்தன. அடிஸ்கேலை உள்ளே விட்டு நாமே கிழித்தோம். அன்று சாயங்காலம் நான் அப்பாவிடம் காட்டியபோது அவர் முகம் மலர்ந்துபோனது.

"இதுல இருக்க அம்புட்டு எழுத்தும் நான் கோத்தது தாயி. ஒரு கொம்பு, ஒரு புள்ளி விடாம" என்றார்.

நூலகம் என்று ஒன்று இல்லாத பள்ளிக்கு அறுபது புத்தகம் வந்தால் டீச்சர் விடுவாரா? ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, "இந்தப் பெரியவர் பத்து வயசுல எப்படி இருந்தாருன்னு இதுல இருக்கு. உங்களுக்கும் பத்து வயசு. கோடு போடுங்க" என்றார்.

எல்லோரும் எழுதினோம். அவர் கண்மாயில் நீந்தினார், நானும் நீந்துகிறேன். அவருக்கு ஐந்து தங்கைகள், எனக்கு ஒரு தம்பி. 'அம்மா' சொன்ன அதே பின்வரிசைக்காரி எழுதியதை டீச்சர் எடுத்து வாசித்தார். அவள் விடியுமுன் வரும் வண்டியில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் குச்சி அடுக்கிவிட்டு, பாதி நாள்தான் வகுப்புக்கு வருவாள். ஒத்தது: 'ரெண்டு பேரும் கோழி கூப்பிட எந்திரிச்சோம்.' வேறானது: 'அவுக படிக்க, நான் வண்டிக்கு.' ஏன் கட்டத்தில்: 'வண்டி நிக்காது.'

டீச்சர் அதைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். ஒரு நாள் இல்லை, பல நாள் போனார். பொங்கலுக்குள் அவள் முழு நாளும் வகுப்பில் இருந்தாள். இன்று அவள் ஓய்வுபெற்ற செவிலியர். நான் இதை எழுதுவது தெரிந்தால் போன் போட்டுத் திட்டுவாள். திட்டட்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நமக்கு மதியம் கோதுமை ரவை உப்புமா போடுகிற ஆயா ஒருவர் இருந்தார் அல்லவா? அறுபது வயது இருக்கும். கருத்த, உயரமான பெண்மணி. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளப்பாக இருக்கும். உப்புமா அண்டா சுட்டது என்று நாமாகவே முடிவுகட்டியிருந்தோம். எனக்கு வரிசையில் நிற்கப் பிடிக்காது. சமையல் கொட்டகையின் வாசலில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தால் ஆயா முதலில் கொடுத்துவிடுவார். அவருக்கு எழுத்துத் தெரியாது, கேட்கப் பிடிக்கும்.

அன்று பதினோராம் பக்கத்தை வாசித்தேன். முதலாளி சிறுவனாக லீவு நாள் ஒன்றில் ஒரு தீப்பெட்டிக் கொட்டகையில் குச்சி அடுக்கப் போனபோது, காயவைத்த குச்சிச் சட்டங்களில் தீப்பிடித்த கதை. 'பெரியவர்கள் ஓட்டம் பிடித்தனர். சிறுவனோ சற்றும் அஞ்சாமல் மண்ணை வாரி இறைத்துத் தீயை அணைத்தான்.'

கரண்டி நின்றது.

"ஏ பிள்ள, திரும்ப வாசி."

வாசித்தேன். ஆயா அடுப்பங்கரைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"அவுகளா? அவுக வேப்பமரத்துக்கு மேல இருந்தாகளே! எறங்கவே மாட்டேன்னுட்டாக. மண்ணள்ளிப் போட்டது நாந்தேன். பாவாடையில வாரி வாரிப் போட்டேன். இந்தா பாரு, இது என்ன உப்புமா சுட்டதா?"

கையை நீட்டிக் காட்டினார். நான் அந்தத் தோலை முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தேன். மெழுகு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"நீங்க யாருட்டயும் சொல்லலையா ஆயா?"

"இதுல சொல்ல என்ன கெடக்கு? தீப்பிடிச்சா அணைக்கணும். தட்ட நீட்டு, ஆறுது."

நான் வகுப்புக்கு ஓடிப்போய்க் கோடு போட்டேன். இடது பக்கம் 'புத்தகம்', வலது பக்கம் 'ஆயா'. ஒத்தவை: கொட்டகை, குச்சி, தீ, மண். வேறானவை: யார் அள்ளியது. 'ஏன்?' கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. டீச்சரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "ஏன்னு தெரியலைன்னா காலியா விடு. தெரியாததைப் பொய்யா நிரப்பாதே" என்றார். ஆயா பொய் சொல்கிறார் என்றும் சொல்லவில்லை, புத்தகம் பொய் என்றும் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. இப்போதுதான் தெரிகிறது, அந்த வகுப்பிலேயே நியாயமாக நடந்துகொண்டவர் அவர்தான்.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆயா பேரு என்ன?"

சொன்னேன். கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். ஏற்கெனவே துடைத்த சைக்கிள். அம்மா என்னைத் தனியே இழுத்து, "அவுக வீட்டு உப்பத் தின்னுக்கிட்டு அவுகளையே குத்தம் சொல்லுதியா? அப்பா வேலைக்கு ஒல வைக்காத" என்று தொடையில் கிள்ளினார். அப்பா பயந்துபோய்விட்டார் என்று நானும் நம்பினேன்.

நமக்கு பெஞ்சு வாங்கித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதை ஒப்படைக்கிற விழாவுக்கு அவரே வருகிறார் என்றதும் பெரிய சாருக்கு நிலைகொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதலாளியின் வாழ்க்கை வரலாற்றைப் பற்றி வாசிப்பார்கள் என்று நோட்டீஸே அடித்துவிட்டார். நல்ல குரல் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். விழாவுக்கென்று புதுப் பக்கத்தில் கோடு போட்டு, புத்தகத்தோடு நானும் ஆயாவும் ஒத்தவற்றை இடது பக்கமும் வேறானவற்றை வலது பக்கமும் எழுதினேன். பெரிய சார் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். மீசைக்குமேல் வியர்த்தது.

"ஒத்தவைய மட்டும் வாசி. வேறானது எல்லாம் விழாவுல வேண்டாம். பெஞ்சு வந்து எறங்குற வரைக்கும் இந்த ஊர்ல யாரும் யாருக்கும் வேற இல்ல. வெளங்குச்சா?"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிய சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

விழா அன்று பந்தலில் மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கிக் குழாய். பின்னால் அச்சாபீஸ் ஆட்கள் ஒரு வேனில் வந்து நின்றார்கள். அப்பாவும் வெள்ளைச் சட்டையில் நின்றார். முதலாளி நான் நினைத்த மாதிரி இல்லை. குள்ளமாக, வெற்றிலை போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒத்தவை அத்தனையும் வாசித்து முடித்தேன். கை தட்டினார்கள். முதலாளி மட்டும் தட்டவில்லை. என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"நடுவுல கோடு போட்டிருக்கியே தாயி. அந்தப் பக்கம் என்ன?"

நான் பெரிய சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"அந்தப் பக்கம் வேறானது" என்றேன்.

"அதையும் வாசி. அறுபது வருஷமா எல்லாரும் ஒத்ததையே சொல்லுதாக. காது புளிச்சுப் போச்சு."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டைதான் கண்ணில் பட்டது. அம்மா கிள்ளிய இடம் வலித்தது. ஆனால் வாசி என்று சொன்னவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வாசித்துவிட்டேன். பாவாடை, மண், கை, வேப்பமரம், எல்லாம். கடைசியில், 'ஏன் வேறாக இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை' என்று முடித்தேன்.

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மரத்துல ஏறுனது நெசந்தேன்" என்றார். "அந்தப் பிள்ள மண்ணள்ளிப் போட்டதும் நெசம். எழுதுனவருட்ட ரெண்டையும் சொன்னேனே! பொஸ்தகத்துல இல்லையா?"

"நீங்க வாசிக்கலையா ஐயா?" என்று என் வாய் தானாகக் கேட்டது.

"அட்டையப் பாத்தேன், படத்தப் பாத்தேன். நம்ம கதை நமக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் பின்னால் நின்ற கூட்டம் விலகியது. அப்பா முன்னால் வந்தார். சாம்பல் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார்.

"மொதலாளி, நாந்தேன் எடுத்தேன்."

"என்னத்த எடுத்த?"

"அந்தப் பிள்ளைய. பொஸ்தகம் அறுபத்து நாலு பக்கத்துல முடியணும், மிஞ்சுனா இன்னொரு தாள் முழுசாப் போகும், ஏதாச்சும் கொறச்சிருன்னு மேனேசர் சொன்னாக. பதினோராம் பக்கத்துல ஏழு வரி கூடுதலா நின்னுச்சு. 'உடன் வேலை பார்த்த சிறுமி ஒருத்தி'ன்னு இருந்துச்சு. பேரில்லாத பிள்ளதானன்னு அந்த ஏழு வரியையும் உருவிட்டு மேலையும் கீழையும் சேத்துட்டேன். தீ நீங்க அணைச்ச மாதிரி ஆயிருச்சு." கொஞ்சம் நிறுத்தி, உண்மைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதுபோலச் சேர்த்துக்கொண்டார்: "மரத்த நான் எடுக்கலங்கய்யா. அது எழுதுனவுக தாளுலயே இல்ல."

முதலாளி முதலில் முறைத்தார். பிறகு அவர் தொந்தி குலுங்கியது. நாற்காலி சாய்கிற அளவு சிரித்தார். பந்தல் முழுக்கச் சிரித்தது. பெரிய சார் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது விளங்கியது. அன்று அப்பா சாப்பிடாமல் எழுந்தது வேலை போய்விடும் என்ற பயத்தில் அல்ல. தான் உருவிய ஏழு வரிக்கு ஒரு பெயரும் ஒரு கையும் இருப்பது தெரிந்துதான் எழுந்தார்.

"சரி, அந்தப் பிள்ள இப்ப எங்கன இருக்கு? உசுரோட இருக்கா?" என்று முதலாளி கேட்டார்.

நம் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் சமையல் கொட்டகையைக் கைகாட்டியது.

அவர் செருப்புப் போடாமலே நடந்தார். நாம் பின்னால் ஓடினோம். ஆயா விழாவுக்கென்று சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"நீதானா?" என்றார் முதலாளி.

"நாந்தேன். மரத்த விட்டு எறங்கிட்டீகளா?" என்றார் ஆயா.

இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பது புகையில் பாதி கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்களின் பெயர்களாக வந்தன. சிலர் இருந்தார்கள், சிலர் இல்லை. "உனக்கு என்ன வேணும், கேளு" என்று அவர் சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது.

ஆயா மேலே பார்த்தார். "மழ பெஞ்சா அண்டாவுக்குள்ள ஒழுகுது. பிள்ளைகளுக்கு உப்புமாவா கஞ்சியான்னு தெரிய மாட்டேங்குது. தகரம் போட்டுக் குடுங்க."

"இது பள்ளிக்கூடத்துக்கு. உனக்கு?"

"அந்தப் பொஸ்தகத்துல எம்பேரப் போடுங்க. அப்பன் பேரோட சேத்து."

தகரம் அடுத்த வாரமே வந்தது. பெஞ்சும் வந்தது. அதில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது, நினைவிருக்கிறதா? பெயருக்கு அப்பா ஒரு துண்டுச்சீட்டு அச்சடித்தார். 'பதினோராம் பக்கத்தில் இவ்வாறு திருத்தி வாசிக்கவும்' என்று ஆரம்பித்து, ஆயாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், பாவாடையில் மண், வேப்பமரம் எல்லாம் ஏழு வரிக்குள் வந்திருந்தன. முதலாளியே மரத்தைச் சேர்க்கச் சொன்னாராம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முழுவதும் ஆயா காய்ச்சிய மைதாப் பசையில் நாம் அறுபது புத்தகத்திலும் சீட்டு ஒட்டினோம். பாதிச் சீட்டு கோணல். ஆயா ஒரு புத்தகத்தை வாங்கி, பெயர் இருக்கும் இடத்தை விரலால் காட்டச் சொல்லி, அதே இடத்தைத் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையில் சுற்றி எடுத்துப் போனார். பெரிய சார் பிறகு வந்த அதிகாரிகளிடமெல்லாம் இந்தக் கோடு போடும் முறை தன்னுடைய யோசனை என்று சொன்னார். டீச்சர் மறுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போனார். அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் எழுத்துக் கோத்தார். எதையாவது குறைத்து இடத்துக்குள் அடக்க வேண்டி வந்தால், குறைப்பதற்கு முன் அச்செடுத்துப் பார்த்த தாளையும் பின் அச்செடுத்த தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் போடுவார்.

"ரெண்டையும் வாசி தாயி. என்ன போச்சுன்னு சொல்லு."

ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகை. இரண்டையும் வாசித்தேன். குறைத்ததில் தாய்மாமன்கள் ஆறு பேரும் இருந்தார்கள், பங்காளிகள் இருந்தார்கள், மணமகளைப் பெற்றவளின் பெயரைக் காணோம். சொன்னேன். அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பச் சிவகாசிக்கே போனார்.

மறுநாள் அச்சான பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். தாய்மாமன்கள் ஆறு பேரையும் ஒரு அளவு சின்ன எழுத்தில் கோத்திருந்தார். பெற்றவளுக்கு ஒரு முழு வரி கிடைத்திருந்தது.